கீல்

வழக்கு ஒரு கீலைப் பற்றியது.
பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவு
சத்தமின்றிச் சாய
நான்கு மில்லிமீட்டர் வளைவு.

மன்ஹைம். நெக்கரில் மழை.
வீப்கே ஹார்ம்சன் தாளில் எழுதினாள்:
வென்றால் ஆகும் செலவு,
பணிந்தால் ஆகும் செலவு.
வென்றால்தான் அதிகம்.

"நாம் திருடவில்லை" என்றார் ஓட்மார்,
பதினோரு முன்மாதிரிகளை மேசையில் பரப்பி.
ஒன்றில் காபிக் கறை.

"தெரியும்.
தடையாணை ஆறு மாதத்தில் வரும்.
அவர்கள் காப்புரிமை செல்லாதென்று தீர்ப்பாக
மூன்று வருஷம்.
அதுவரை கதவுகள் கிடங்கில் கிடக்கும்."

எதிர்த்தரப்பும் இதே கூட்டலைப்
போட்டுக்கொண்டிருந்திருக்கும்.
ஐந்தேகாலுக்குத் தொலைபேசி.
ஒரு தொகை;
எவரும் எதையும் ஒப்புக்கொள்ளாத ஒரு வரி.

ஓட்மார் கீல்களை அள்ளிப் பைக்குள் போட்டார்.
மின்தூக்கி வரை
கலகலவென்று கேட்டது,
சத்தமே வரக்கூடாதென்று
அவர் செய்தவை.