கை தூக்கினால் பிடிக்கிறது

முதல் குர்தா குடியரசு தினத்துக்கு முந்தின நாள் வந்தது.
கத்திரிப்பூ நிறம். எல் சைஸ்.
கழுத்தோரம் ஜரிகை மாதிரி ஏதோ ஒன்று.
விலை அட்டையைக் கத்தரிக்காமல்
முதுகுப்பக்கம் மடித்துச் சொருகிக்கொண்டு
கிராம சபைக்குப் போனேன்.

பூலாங்கரையை மாநகராட்சியோடு சேர்க்கலாமா?
மைக்கில் கேட்டார் செயலர் இருளப்பன்.
வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள்.
தூக்கினேன்.
நூறு நாள் வேலை போய்விடும், வீட்டுவரி ஏறும்
எல்லாம் யோசித்துத்தான் போயிருந்தேன்.
ஆனால் கை மேலே நின்ற அந்த நிமிஷத்தில்
தெரிந்தது ஒன்றே ஒன்று:
அக்குளில் பிடிக்கிறது.

பக்கத்தில் பவுன்தாயக்கா இரண்டு கையும் தூக்கியிருந்தாள்.
ஒரு கைதான் கணக்கு என்று சிரித்தார் இருளப்பன்.
'இன்னொன்னு அடுத்த தடவைக்கு' என்றாள்.
யாரோ வெடி போட்டார்கள்.
யானைமலை அதை ஒருமுறை திருப்பிச் சொன்னது.

இரண்டு நாள் கழித்து
ஒத்தக்கடையிலிருந்து செய்யது வந்தான்.
அட்டை இருக்கிறதா, கசங்கியிருக்கிறதா,
முகர்ந்துகூடப் பார்த்தான்.
'காரணம் ஒண்ணு தொடுங்கக்கா.'
அளவு சரியில்லை.
நிறம் வேறு.
தையல் விட்டிருக்கிறது.
கடைசியில், எல்லாவற்றுக்கும் கீழே,
மனம் மாறிவிட்டது.
அறுநூறு ரூபாய்த் துணி
என்னிடம் இவ்வளவு கேட்கிறது.

மே தினத்தன்று அதே கேள்வி வந்தது.
போன தடவை மக்களுக்குச் சரியாகப் புரியவில்லையாம்.
வழவழ தாளில் படம் போட்டுக் கொடுத்தார்கள்:
தெருவிளக்கு, கான்கிரீட் வாய்க்கால்,
யார் வீட்டிலோ சிரிக்கிற ஒரு குழந்தை.
எனக்குப் போன தடவையே புரிந்திருந்தது.
இந்த முறை எக்ஸ்எல்.
கையை உயர்த்தினால்
உடம்பை விட்டுவிட்டுத் துணி மட்டும் எழுந்தது.
பதினோரு கை வித்தியாசத்தில்
மறுபடியும் வேண்டாம்.
மறுபடியும் செய்யது.
'இந்த ரூட்ல எனக்கு நிரந்தர வேலை
நீங்கதாங்க்கா.'

ஜூலையில் போர் வற்றியது.
குடம் பதினைந்து ரூபாய்.
ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம்
மாநகராட்சிக் குழாய் ஒன்று வெடித்து
நாலு நாளாய் ரோடு நனைந்துகொண்டிருந்தது.
வண்டியை நிறுத்தி
அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் பதினைந்து.
மிட்டாய் கொடுத்தபின் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்:
சேரலாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள்.
பவுன்தாயக்காவைக் காணோம்.
காலையில் கூப்பிட்டபோதே களையெடுக்கப் போய்விட்டாள்.
'நான் சொன்னதத்தான் ரெண்டு வாட்டி சொல்லிட்டனே.
அவய்ங்களுக்குக் காது கேக்கலன்னா
நான் என்னாடி செய்ய?'

தூக்கினேன்.
தண்ணீருக்காகத்தான் என்று நினைக்கிறேன்.
அலுத்துப்போய் இருக்கலாம்.
இரண்டுக்கும் கை
ஒரே உயரந்தான் போகிறது.

கூட்டம் கலையும்போது கேட்டேன்:
அக்டோபரில் எங்களுக்கு மனசு மாறினால்
திரும்பக் கேட்பீர்களா?
'தீர்மானம் மேல போயிரும்மா' என்றார் இருளப்பன்,
மைக்கின் ஒயரை முழங்கையில் சுற்றியபடி.
வேண்டாம் என்றதற்கு இரண்டு தடவை வந்தவர்கள்
சரி என்றதற்கு
ஒரு தடவைகூட வரப்போவதில்லை.

மூன்றாவதும் எல்தான். அதே கத்திரிப்பூ.
எக்ஸ்எல் வழிந்ததில் எல் நன்றாயிருந்ததாக
ஒரு ஞாபகம்.
பிடித்திருக்கிறதா என்று போன் கேட்டது.
பிடிக்கிறது என்றுதான் சொல்லவேண்டும்,
அதே இடத்தில்.
திருப்ப நினைத்து, அரிசி வந்து, மாமாவுக்குக் காய்ச்சல் வந்து,
பார்த்தபோது பொத்தான் சாம்பல் நிறமாகியிருந்தது.
காலக்கெடு முடிந்தது.

நேற்று ராத்திரி பிளேடு எடுத்து
அக்குள் தையலைப் பிரித்தேன்.
உள்ளே அரை அங்குலம்
துணி மடிந்து கிடந்தது.
இத்தனை மாதமும் அங்கேதான் இருந்திருக்கிறது.
வெளியே இழுத்து, ஓரம் மடித்து,
வேறு நூலில் ஓட்டிவிட்டேன்.
கத்திரிப்பூவில் கறுப்பு. தெரியத்தான் செய்யும்.

இப்போது கை முழுசாக மேலே போகிறது.
அடுப்படியில் நின்று
தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன்,
யாரும் எதுவும் கேட்காதபோது.