ஆயுத பூஜைக்கு நாற்பத்தொரு நாள்

‘வஞ்சிரம் 22 கிலோ’ என்று
மார்க்கரில் எழுதிய தெர்மாகோல் பெட்டியில்
பதினேழு செடி.
காசிமேட்டு வாசம் இன்னும் போகவில்லை.
விடிகாலையில் ஒரு பூனை வந்து
மண்ணை மோந்து பார்த்து
ஏமாந்து போகிறது.

விதைக்குக் காசு கொடுக்கவில்லை.
போன வருஷம் ஜோதிலிங்கம் ஓட்டும் டிரெய்லரின்
மூஞ்சியில் தொங்கிய மாலைதான்.
கிருஷ்ணபட்டினம் போய் வந்தது,
துறைமுக கேட் திறக்க
எண்ணூர் ரோட்டு வரிசையில் மூன்று நாள் நின்றது.
சருகாகிவிட்டதென்று எறியப் போனவர் கையிலிருந்து
வாங்கி உதிர்த்தேன்.
அடி கறுத்து நுனி வெளுத்த குச்சிகள்,
முகம் பார்த்தால் விதை என்று சொல்ல முடியாது.

நாலு அடுக்கு இலை வந்துவிட்டது.
இனி உச்சியைக் கிள்ள வேண்டும்.

எனக்குப் பிழைப்பே வெட்டுவதுதான்.
கொருக்குப்பேட்டை கார்மென்ட்ஸில் பிசிறு வெட்டுகிறேன்,
காஜா ஓரம், காலர் ஓரம்,
எவனோ போடப்போகும் சட்டையின் அக்குள்.
வெட்டின நூல் வெட்டினதுதான்.
திரும்பி வந்து கணக்குக் கேட்காது.
இது கேட்கும்.
கிள்ளின இடத்துக்குக் கீழே
இலைக் கக்கம் இரண்டிலும் இரண்டு கிளையாக வந்து கேட்கும்.

துணி காயப்போட மாடி ஏறின நசீமா
“இன்னாத்துக்குடி அதுங்க கய்த்த நெரிக்கிற?
நல்லாத்தானே வளருது” என்றாள்.
“கிள்ளுனாத்தான் பொதரா வரும்.”
“துலுக்க சாமந்தின்னு பேரு எங்களுது,
மால பூரா உங்க லாரிக்கு.”
சிரித்தபடி போர்வையை உதறினாள்.
துறைமுகத்துக் கரித்தூள்
இலைமேல் வந்து உட்கார்ந்தது.

டிரான்ஸ்போர்ட் கம்பெனி கொடுத்த காலண்டரில்
தாள் தாளாக எண்ணினேன்.
விட்டால் ஒற்றைத் தண்டு, ஒற்றைப் பூ,
பூஜைக்கு முன்னே.
கிள்ளினால் புதர் புதராய்,
பூஜைக்குப் பின்னே.
தள்ளிப் போவது எங்களுக்குப் பழக்கம்தான்.
சம்பளம் தள்ளிப் போகும், சீட்டு தள்ளிப் போகும்,
இந்த ஹவுசிங் போர்டை இடித்துக் கட்டித் தருவது
நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து
தள்ளிப் போகிறது.

டிக்.
சத்தம் என்று சொல்ல முடியாது,
நகத்துக்கு மட்டும் கேட்டது.
டிக். டிக்.
பத்து தலை என் உள்ளங்கையில்.
பதினொன்றாவதில் உளுந்து அளவில் ஒரு மொட்டு.
நகத்தை வைத்தேன்.
எடுத்துவிட்டேன்.
மிச்சம் ஏழையும் தொடவில்லை.

மறுநாள் வெள்ளைக் காலர் ஒன்றில்
என் கட்டைவிரல் பச்சை.
சூப்பர்வைசர் விளக்கில் பிடித்துக் காட்டி
அந்தச் சட்டையை என் கணக்கில் எழுதினான்.
சோற்றில் கை வைத்தாலும் அந்த வாசம்,
காரமும் கசப்புமாய்.

பூஜையன்று பூத்தது ஏழு.
டிரெய்லரின் மூஞ்சி எட்டு அடி.
கடை மாலை வாங்கி வந்திருந்தார்.
பூசணி உடைந்தது, டயருக்கடியில் எலுமிச்சை நசுங்கியது,
ஏழையும் நூலில் கோத்து
ஸ்டீயரிங்கில் ஒரு சுற்று கட்டினேன்.
சுற்று முழுசாக வரவில்லை.
“போதும்மே” என்றார்.
மாடியில் அந்தப் பத்தும்
ஒரு மொட்டுகூட வைக்காமல்
கொழுத்துப் பச்சையாய் நின்றன.
வாய்விட்டுத் திட்டினேன்.

தீபாவளியும் போன நாலாம் நாள், ஐப்பசி மழை.
தெருவில் முட்டளவு தண்ணீர், கரன்ட் இல்லை,
கம்பெனி லீவு.
குடையோடு மேலே போனேன்.

ஒற்றைத் தண்டு ஏழில் ஐந்து
இரவுக் காற்றில் இடுப்பு ஒடிந்து கிடந்தன,
உளுந்து மொட்டுக்காரியும்தான்.
அந்தப் பத்து,
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து,
பெட்டி எங்கே என்று தெரியாமல்.
அறுபத்துமூன்று வரை எண்ணினேன்.
குடை திரும்பிக்கொண்டது.

விஜயவாடாவில் லோடு இறக்க நின்றவருக்குப் போன் போட்டேன்.
“பூத்துடுச்சி.”
“எத்தினி?”
“எண்ணிக்கினே இருக்கேன்.”
பின்னால் ஏதோ ஹாரன், கொஞ்ச நேரம் பேச்சு இல்லை.
“இன்னிக்கி இன்னா விசேஷம்?”
“ஒண்ணும் இல்ல,” என்றேன்.
“மழ.”