நான்காம் எண் தோட்டம்

சீட்டு பதினைந்து டாலர்.
கூடவே ஒரு வரைபடம், அதில் ஆறு எண்கள்.
ஜூலை இரண்டாம் ஞாயிறு.
நேற்றிரவு நடந்தது தனக்கொன்றும் தெரியாதென்பதுபோல்
முகம் கழுவி வந்து நிற்கிறது
சாஸ்கட்டூன் வெயில்.

நான்காம் எண் வாசலில்
மடக்கு நாற்காலி போட்டுச்
சீட்டுகளைத் துளையிடுகிறவன் நான்.
செவ்வாய் மாலைத் தோட்ட வகுப்பில்
இரண்டு வருடமாய்க் கடைசி வரிசை.
என் கைபட்டுச் செத்த ஆப்பிள் கன்றுகள் மூன்று.
அதனால்தான் இந்த வேலை தந்திருப்பார்கள்.
காகிதம் சாகாது.

தோட்டம் ஒரிசியா ஹ்னாட்டியுக்குடையது.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
ஆறு முறை விண்ணப்பித்து
இந்த வருடம்தான் வரைபடத்தில் ஏறினாள்.
ஏப்ரலில், வெளியே பனி முழங்காலளவு கிடக்க,
சலவை இயந்திரத்தின் மேல் விளக்குக் கட்டி
நாற்று வளர்த்தாள்.
மே கடைசியில் தக்காளியை வெளியே வைக்கலாம் என்று
வகுப்பில் சொன்னதை நம்பாமல்
ஜூன் ஐந்து வரை பொறுத்தாள்.
வேலியின் பின்பக்கத்துக்கும் வர்ணம் அடித்தாள்,
அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்!

நேற்றிரவு ஒன்பதே முக்கால்.
ஆலங்கட்டி.
வானொலியில் கோழிமுட்டை என்றார்கள்.
எங்கள் தெருவில் எலுமிச்சை.
பதினோரு நிமிடம்,
அவ்வளவுதான்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம்
மற்ற ஐந்து தோட்டங்களில்
ஒரு துளிகூட விழவில்லையாம்.

டெல்ஃபினியம் நின்ற இடத்தில் நீலக் கூழ்.
பூசணி இலைகள் சல்லடை,
அதுவும் பழைய சல்லடை.
ருபார்ப் தண்டுகள் மட்டும் விறைத்து நிற்கின்றன,
தலையில்லாமல்.

காலை ஏழுக்கு வெர்னன் டக்வொர்த் கூப்பிட்டார்,
சுற்றுலாக் குழுவின் செயலாளர்.
'நாலை அடித்துவிடலாமா?
மூன்றிலிருந்து நேரே ஐந்துக்குப் போகட்டுமே.'
ஒரிசியா சொன்னது எனக்கும் கேட்டது,
துடைப்பத்தோடு பக்கத்தில்தான் நின்றேன்:
'கேட்டைத் திறந்தாயிற்று.'
பிறகு என் கையிலிருந்த துடைப்பத்தையும்
பிடுங்கி உள்ளே வைத்தாள்.

பத்து மணிக்கு முதல் காரில் நால்வர்.
தொப்பி, கேமரா, புதுக் காலணி.
உள்ளே போனதும்
இழவு வீட்டு நடை வந்துவிட்டது கால்களுக்கு.
ஒரு பெண் வாசலிலேயே குனிந்தாள்,
என் துளைக்கருவி சிந்திய வெள்ளை வட்டங்களை
இன்னும் உருகாத ஆலங்கட்டி என்று நினைத்து.
யாரும் படம் எடுக்கவில்லை.
ஒரிசியா காப்பி ஊற்றினாள்.
நன்றாயிருக்கிறது என்றார்கள்,
காப்பியைத்தான்.

பதினொன்றுக்கு வந்தாள் மரீஸ் லெதாந்தர்.
முதுகில் தூளி, அதில் ஆறுமாதக் குழந்தை.
சேற்றில் அப்படியே குத்தவைத்து
ஒடிந்த தக்காளித் தண்டைத் தூக்கிப் பிடித்தாள்.
'எங்கள் வீட்டிலும் அடித்துவிட்டது.
இதை வெட்டணுமா, விடணுமா?'

'தெரியவில்லை,' என்றாள் ஒரிசியா.
சொல்லிவிட்டுப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

அப்புறம்தான் வாய்கள் திறந்தன.
கீழ்க்கணுவில் மொட்டு இருக்கிறது பார் என்றார் ஒருவர்.
துணி கிழித்துக் கட்டு என்றார் இன்னொருவர்.
உருளைக்கென்ன, அது போர்வைக்குள் இருக்கிறது
என்றது தொப்பி.
யாரோ காரிலிருந்து கத்தரிக்கோல் எடுத்து வந்தார்.
போன வருடம் தன் முட்டைக்கோஸ் முழுதையும்
மான் தின்றதை
முதன்முறையாக வெளியில் சொன்னாள் ஒருத்தி.
அவளுடையது இரண்டாம் எண் தோட்டம்.
இரண்டு வருட வகுப்பில்
இத்தனை கேள்வி நான் கேட்டதில்லை.

மதியம் வெர்னன் மறுபடி கூப்பிட்டார்.
'ஐந்தில் ஒரு ஈ காக்கை இல்லை,
வழியில் ஏதாவது விபத்தா?'
திரும்பிப் பார்த்தேன்.
பதினான்கு பேர் முழங்கால் சேற்றில்.
குழந்தை வெந்தயக்கீரை போலிருந்த எதையோ மெல்கிறது.
'ஆமாம்,' என்றேன்.

நாலு மணிக்குக் கேட்டைச் சாத்திவிட்டு
ஒரிசியா என்னிடம் வெட்டுக்கத்தியை நீட்டினாள்.
மூலையில் அவளுடைய ஆப்பிள் மரம்,
ஒரு கிளை தோலுரிந்து தொங்குகிறது.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
'மூன்று போச்சு என்னிடம், தெரியுமில்லையா?'

'அதனால்தான்.
எங்கே வெட்டக்கூடாது என்று
இந்தத் தெருவில்
உனக்குத்தான் மூன்று இடம் தெரியும்.'