நாற்பத்திரண்டாம் நாள்

லிம் சூ காங்கில் மழை
பஸ்ஸைப் போலத் தாமதிப்பதில்லை,
நாலு மணிக்கு வந்து நிற்கும்.
ஆகவே விடியும் முன்பே அறுக்கிறோம்,
ஆறு வாரம் வளர்ந்த நேப்பியரை.
ஏழாம் வாரத்துக்கு விட்டால் தண்டு கட்டையாகிவிடும்;
ஆடுகள் இலையை மட்டும் உருவிக்கொண்டு
மிச்சத்தை மிதித்து மெத்தையாக்கிப் படுக்கும்.

வெயிலில் காயவைத்து எடுத்துவைக்கலாமே என்று
கேட்காதவர் இல்லை.
கொட்டகைச் சுவரில் ஈரமானி எண்பத்தாறு.
உப்பு ஜாடியே அழும் ஊர் இது.
கப்பலில் வந்த குதிரைமசால் கட்டுகளைப்
பலகைமேல், சுவரைத் தொடாமல் அடுக்கியும்
போன டிசம்பரில் ஒரு கட்டுக்குள் கைவிட்டேன்:
காய்ச்சல்காரன் அக்குள்போலச் சுட்டது.
ராத்திரியோடு ராத்திரியாக
நாற்பது கட்டுகளை வெளியே இழுத்துப் போட்டோம்.

இந்தத் தீவில் தினமும் எங்கேயாவது புல் வெட்டுகிறார்கள்.
முதலாளி கோ பூன் தெக் ஒருமுறை ஆசைப்பட்டு
சாலையோர மூட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார்.
பிரித்தோம்.
ஐஸ்கிரீம் குச்சி, முகக்கவசம், பாதி டென்னிஸ் பந்து.

அதனால்தான் பீப்பாய்.
சோயா சாஸ் ஆலை கழித்துக்கட்டிய நீலப் பீப்பாய்.

நறுக்கிய புல்லை ஒரு பிடி அள்ளி இறுக்குவேன்.
சொட்டினால் இன்னும் வாடவேண்டும்,
உடனே உதிர்ந்தால் நாம்தான் பிந்திவிட்டோம்.
கை விரித்ததும் அந்த உருண்டை
யோசித்து யோசித்து அவிழவேண்டும்.
பிறகு மொலாசஸ். பிறகு ஷஃபிகுல்
பூட்ஸைக் கழுவிக்கொண்டு உள்ளே இறங்கி மிதிப்பான்,
காற்று ஒளிய ஒரு மூலையும் மிச்சமில்லாமல்.
மூடி, இரும்பு வளையம், கொக்கி.
ஆறு வாரம் யாரும் திறக்கக்கூடாது.

இன்று பதினோராம் பீப்பாய்.

புளித்த மாங்காய் வாசம் வரவேண்டிய இடத்தில்
கெட்ட வெண்ணெய் நாறியது.
மேலே ஒரு சாண் பூசணம்,
அதற்குக் கீழே கறுத்த கூழ்.
இருபத்தேழாம் எண் ஆடு,
பிளாஸ்டிக் கயிற்றையே தின்கிற ஜென்மம்,
முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது.

பதிவேட்டைப் புரட்டினேன்.
மூடியவர்: பூங்கோதை. மணி 3.50.
என் கையெழுத்துதான்.

ஞாபகம் வந்தது. வானம் கறுத்துக்கொண்டிருந்தது.
கொக்கியை இழுக்கும்போது போன்.
"வீட்டுக்கு வரிசை எண் வந்திருச்சு!
நூத்தி ஏழு! தெங்கா!"
அவர் குரலை அவ்வளவு உயரத்தில்
நான் கேட்டதேயில்லை.
நானும் கத்தினேன். ஷஃபிகுல் காரணம் தெரியாமலே கைதட்டினான்.
மழை பிடித்துக்கொண்டது, கொட்டகைக்கு ஓடினோம்.
கொக்கி முக்கால்வாசியில் நின்றிருக்கிறது.

அந்தக் கால் அங்குலச் சந்தோஷத்தில்
நாற்பத்திரண்டு நாளும்
காற்று போய்வந்துகொண்டு இருந்திருக்கிறது.

அறுபது கிலோ. உரக்குழிக்குத் தள்ளுவண்டியில் மூன்று நடை.
கோ எதுவும் சொல்லவில்லை;
கால்குலேட்டரை மட்டும் ஒருமுறை தட்டினார்.
சாயங்காலம் அவரே
பன்னிரண்டாம் பீப்பாயைத் திறந்து முகர்ந்தார்,
என் பக்கம் நகர்த்தினார்.
மாங்காய்.

அறுத்த வரப்பில் அதற்குள் விரலளவு துளிர்.
இப்போதெல்லாம் போன் அலறினாலும்
கொக்கி "டக்"கென்று விழும்வரை
நான் யாருக்கும் ஹலோ சொல்வதில்லை.