பதினோரு நிமிடம்

போர்ன்ஹோல்ம் தீவில் பிப்ரவரிக்குப் பகல் கம்மி.
நாலரைக்கே கடல் கறுத்துவிடும்.
உணவகக்காரர் ப்ரெபென் வந்து
பன்னிரண்டு கிண்ணம் கேட்டார்,
நீலத்தில்,
எல்லாம் ஒரே மாதிரி.

ஒரே மாதிரி வேண்டுமென்றால்
சன்னலில் பூக்கும் பனியிடம்
சொல்லிப் பாருங்கள் என்றேன்.
முன்பணத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.
வாடகை பாக்கி இருந்தது.
எடுத்துக்கொண்டேன்.

நீலம் என்றால் கோபால்ட் என்பார்கள்.
கரும்பொடி, சிட்டிகை போதும்,
தொட்டதையெல்லாம் நீலமாக்கும் அடங்காப்பிடாரி.
நான் எடுத்தது நிக்கல்.
முகமூடி போட்டுக்கொண்டு
வெளிர்பச்சைப் பொடியை நிறுத்தேன்.
பச்சையாக உள்ளே போகும்.
துத்தநாகம் தாராளமாக இருந்தால்
தேன்நிறத் தரையில்
நீலப் பூவாகத் திரும்பி வரும்.
ஏன் என்று, பள்ளியில் வேதியியல் எடுக்கும் டாக்னி
ரசீதின் பின்பக்கம் வரைந்து காட்டினாள்.
புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

இந்தப் பூச்சுக்கு நிற்கத் தெரியாது.
உச்சிச் சூட்டில் உருகி அடிவழியே ஓடும்.
கிண்ணத்துக்குக் கீழே பீடம்,
பீடத்துக்குக் கீழே ஏந்தும் தட்டு.
பதின்மூன்று செய்தேன்.
ஒன்று, சூளையின் பங்கு.

ஆயிரத்து இருநூற்று எண்பது.
அங்கே எல்லாம் கண்ணாடி, எல்லாம் மறதி.
அங்கிருந்து மளமளவென்று இறங்கி
ஆயிரத்துத் தொண்ணூறில் நிற்க வேண்டும்,
நாலு மணி நேரம்.
அந்தச் சூட்டில்தான் அதற்கு வளரத் தோன்றும்,
மில்லிமீட்டர் மில்லிமீட்டராக,
யாரும் பார்க்க முடியாத இடத்தில்.
கறுப்பு ரொட்டியும் புகைபோட்ட மீனுமாக
நான் காவல்.

இரண்டு மணி நேரம் போயிருக்கும்.
டக்.
விளக்கு போனது, தெரு போனது,
துறைமுகம் இருந்த இடமே போனது.
சுவீடனிலிருந்து கடலடியில் வரும் கம்பியில்
எந்த நங்கூரம் மாட்டியதோ.
இரண்டு கெட்ட வார்த்தை டேனிஷில் சொன்னேன்,
போதாமல் ஒன்று ஜெர்மனில்.
பேட்டரியில் ஓடும் சூடுமானி மட்டும்
எண்ணிக்கொண்டிருந்தது:
ஆயிரத்து எண்பத்தொன்று.
அறுபத்துநாலு.
நாற்பத்துமூன்று.
பார்வைத் துளையின் ஆரஞ்சு வெளிச்சத்தில்
என் கையைப் பார்த்தேன்.
வேறு யாருடையதோ போலிருந்தது.

வெளிச்சம் வந்தது. பொத்தானை அழுத்தினேன்.
திரும்ப ஏற்றி, மீதி நேரத்தை
நம்பிக்கை இல்லாமல் காத்து முடித்தேன்.

திங்களன்று திறந்தேன்.
ஒன்றில் உதட்டோரம் ஒற்றைப் பெரும்பூ.
ஒன்றில் சந்தைக் கூட்டம்.
ஒன்றில், அடிக்குழியில் மட்டும் இரண்டு,
கோபித்துக்கொண்டவை போல் விலகி.
ஆனால் எல்லாப் பூவிலும் ஒரு வளையம்,
முடியளவு, பழுப்பு.
சீக்கிரம் முளைத்ததில் விளிம்பை ஒட்டி,
தாமதமாக வந்ததில் நடுவை ஒட்டி.
மின்சாரம் திரும்பியபின் பிறந்த பொடிசுகளில்
வளையமே இல்லை.
அவற்றுக்கு அந்த இருட்டைத் தெரியாது.

வைரச் சக்கரத்தில் அடியைத் தேய்த்து
வரிசையாக வைத்தேன்.
ப்ரெபென் வாசலிலேயே நின்று,
"ஒரே மாதிரி இல்லையே" என்றார்.
பிறகு கிட்ட வந்தார்.
கிண்ணம் கிண்ணமாக விரலை ஓட்டினார்.
"இது என்ன?"
"சனிக்கிழமை. இரவு ஒன்பது இருபது."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
அப்போது அவர் அடுப்பில்
முப்பது பேருக்கு வாத்து வெந்துகொண்டிருந்ததாம்,
பாதியில்.
யாரும் எழுந்து போகவில்லையாம்.
அடுத்த மேசைக்காரரிடமே
உப்பு கேட்கத் தெரியாத ஊர்,
இருட்டில் சத்தமாகச் சிரித்ததாம்.

பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டார்.
ஈஸ்டருக்கு இன்னும் எட்டு வேண்டும்,
வளையம் இரண்டு போட முடியுமா என்றார்.
மின்சாரக் கம்பெனியைக் கேளுங்கள் என்றேன்.

பதின்மூன்றாவது
பீடத்தை விட்டு வர மறுத்தது.
தட்டியபோது அடி தெறித்தது.
தண்ணீர் நிற்காது.
சாவியும் சில்லறையும் போட்டு வைத்திருக்கிறேன்.