நாய்க்குச் சொல்வது

சேன் தெனியில், ஷான் ஃப்ளூரி மேட்டில்,
பழைய ஒப்பந்தப் பதிவேடுகளைக்
கணினியில் ஏற்றுவது என் வேலை.
காரைக்காலில் படித்த பிரெஞ்சு
இந்தத் தீவில் சோறு போடுகிறது.

எண் 31402. பெயர்: காருப்பின்.
வயது இருபது, அல்லது இருபத்திரண்டு.
இடப் புருவத்தில் தழும்பு.
ஊர்: புதுச்சேரி.
ஊரில்லை அது, கப்பல் ஏறிய துறை.
எழுதியவனுக்கு அவ்வளவு போதும்.

மதியம், யாரோ மேசையில் மறந்துபோன
மெலிந்த புத்தகம்: மேதியர் வரலாறு.
எனக்குச் சிரிப்பு வந்தது.
மேதி என்றால் நம் பழம்பாட்டில் எருமை,
குளத்தில் கிடந்து குவளை மேய்வது.
இவர்களோ குதிரைக்காரர்கள்.
மலைக்கும் உப்புப் பாலைக்கும் நடுவே
குதிரை வளர்த்து
அதையே கப்பமாகக் கட்டியவர்கள்.

எங்கிருந்து வந்தார்கள்?
வடக்கிலிருந்து இருக்கலாம், பக்கம் பன்னிரண்டு.
கிழக்கிலிருந்தும் இருக்கலாம், பக்கம் பதின்மூன்று.
அடுத்த பக்கத்து வரைபடத்தில்
அம்புகளின் வால் புள்ளி புள்ளியாய்க் கரைகிறது.

முதன்முதல் அவர்களை எழுதியவன்
அவர்களைக் கொள்ளையிட்ட அசீரியனின் கணக்கன்.
இத்தனை தலைவர்கள், இத்தனை குதிரைகள்.
பெயர்களைத் தன் நாக்குக்குத் தக்கபடி நறுக்கிக்கொண்டான்.
தூரத்து மேதியர் என்றான் ஒரு பலகையில்.
வலிய மேதியர் என்றான் இன்னொன்றில்,
கிட்டப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டபின் போலும்.

பிறகு நினிவே எரிந்தது.
பாபிலோனோடு சேர்ந்து கொளுத்தியவர்கள் இவர்கள்தாம்.
தீயில் கணக்கனின் களிமண் சுட்டு இறுகி
இன்றுவரை நிற்கிறது.
கொளுத்தியவர்கள் எழுதியதாக
ஒரு வரி கிடைக்கவில்லை.

கிரேக்கன் ஒருவன் கதை வைத்திருந்தான்:
ஊர் வழக்கெல்லாம் தீர்த்துவைத்த ஒருவன்
என் சொந்த வேலை கெடுகிறது, போங்கள் என்றானாம்.
திருட்டு மலிந்தது. அவனையே அரசனாக்கினார்கள்.
ஏழு மதில் கேட்டான்,
வெள்ளை, கறுப்பு, செம்மை, நீலம், கடைசியில் பொன் வரை.
உள்ளே போய் உட்கார்ந்தவன் முகம் காட்டவில்லை.
வழக்கா? எழுதி அனுப்பு.
எத்தனை மனுக்கள் போயிருக்கும்!
ஒரு கிழிசல் இல்லை.
மதில் இருந்ததாகச் சொல்லும் இடத்தின்மேல்
இப்போது கடைத்தெரு.

மொழி?
பாரசீகக் கல்வெட்டில் ஒளிந்திருக்கும் சிலவற்றை
இவர்களுடையதாக ஊகிக்கிறார்கள்.
இவர்கள் சொல் என்று சொல்லியே
அந்தக் கிரேக்கன் குறித்துவைத்தது: ஸ்பாகா.
பெண் நாய்.

இரண்டு மணிக்கு வந்தார் ழில்பேர் காருப்பின்.
சேன்த் சூசானில் டயர் கடை.
கையில் ஒரு துண்டுச்சீட்டு, பூட்டன் எண்.
எந்த ஊர் என்றார் கிரியோலில்.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
அது துறைமுகம்தானே என்றார்.

தமிழ்?
ஒரு சொல்கூட இல்லை, மதாம்.
வெட்கமும் இல்லை வருத்தமும் இல்லை அந்தக் குரலில்.
பையிலிருந்து ருகாய் மணந்தது,
ஊறுகாயின் ஊ கடலில் விழுந்த மிச்சம்.

கீழே அவர் வண்டியில் கட்டியிருந்த நாய்
ஒரு மைனாவைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கியது.
ஜன்னலைத் தள்ளிக் கத்தினார்:
சுமாயிரு!
அடங்கிவிட்டது.

என்ன சொன்னீர்கள் என்றேன்.
அதுவா, அது பேச்சில்லை. நாய்க்குச் சொல்வது.
எங்கள் வீட்டில் எல்லா நாய்க்கும் அதுதான்.
அடுத்த வீட்டு நாய்க்குப் புரியாது.

என் படிவத்தில் பதினேழு கட்டம்.
உயரம், தழும்பு, கப்பல், முதலாளி.
இதை எதில் போட?

நாய் மறுபடி குரைத்தது.
இம்முறை நான் தலையை நீட்டி,
மகர ஒற்று வழுவாமல், இலக்கண சுத்தமாய்,
சும்மா இரு என்றேன்.
காதை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு
குரைப்பைத் தொடர்ந்தது.

அப்படியில்லை மதாம், என்று சிரித்து
எனக்குத் திருத்திச் சொன்னார்
காருப்பின்.