பொருள்: காடி நிறுத்துமிடம்

ஆயர் ஈத்தாம் சாலையிலிருந்து கிளைக்கும் எங்கள் சந்தில்
நான்கு வழிபாட்டு இடங்களுக்கும் சேர்த்து
காடி நிறுத்தப் பதினெட்டுக் கட்டம்.
அதனால்தான் கூடினோம்.
உயர்ந்த காரணம் வேறொன்றுமில்லை.
கொம்தாரிலிருந்து வந்த அதிகாரி ஒருமுறை
நல்லிணக்கம் என்று எழுதிய பதாகையைப் பிடிக்கச் சொல்லிப்
படம் எடுத்தார்.
போகும்போது மறக்காமல் சுருட்டிக்கொண்டு போனார்.

கூட்டம் சிற்றாலயத்தின் மறைக்கல்வி அறையில்.
நாற்காலிகள் ஆறு வயதுக்கானவை.
முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்துகொண்டு
யாராலும் நெடுநேரம் முறைக்க முடியாது.

யார் பிரார்த்தனையோடு தொடங்குவது என்பதிலேயே
முதல் கூட்டத்தில் நாற்பது நிமிடம் போயிற்று.
கடைசியில், ஒரு நிமிட மௌனம்.
காற்றாடி கடகடக்கும்.
சூ லீ ஹோங் அம்மாவின் பச்சைக்கல் வளையல்
மேசையில் தட்டும்.
யாருக்கோ வயிறு கூவும்.
பதினொரு ஆண்டாக அதே மௌனம்.
அதற்குள் அவரவர் என்ன சொன்னார்களோ,
நான் பெரும்பாலும்
பால் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

முருகன் கோயில் செயலாளர் நான்.
மினிட்ஸ் எழுதுவதும் நானே.
வெள்ளி மதியம் சூராவுக்குப் பதினெட்டும்.
தைப்பூசத்தில் எங்களுக்கு.
ஏழாம் மாதம் துவா பெக் கோங் மேடைக்கு ஒன்பது,
முன்வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்கென்று காலியாக.
"ஆவிகள் காடியில் வருவதில்லையே,
ஒன்பது எதற்கு?" என்றார் பேசில் நோனிஸ்.
முதலில் சிரித்தது சூ அம்மாதான்.

சூராவின் கனி மரைக்கார் எல்லோரிடமும் மலாய் பேசுவார்.
கோபம் வந்தால் மட்டும் என் பக்கம் தமிழில் திரும்புவார்.
"இங்க பாருங்கம்மா, உங்க பூக்கார வேன்..."
திட்டு வாங்கக்கூட
தாய்மொழி வேண்டியிருக்கிறது.

நோனிஸோடுதான் எனக்குத் தீராத வழக்கு.
ஞாயிறு காலை எட்டு மணி,
வாசலை ஒட்டிய ஐந்தும் ஆறும்.
அவருக்கு ஊன்றுகோலோடு வரும் மூவர்.
எனக்குக் காதுகுத்து, முடியிறக்கு, கல்யாணம்.
விட்டுக்கொடுக்கவே இல்லை நான்.
அவர் சக்கரம் நூலளவு கோடு தாண்டியதற்கு
டேப் வைத்து அளந்திருக்கிறேன்.
மறுமுனையைக் குனிந்து பிடித்துக்கொண்டவர்
அவர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை போய்விட்டார்.
அடக்கத்தன்று சவ வண்டி உள்ளே திரும்ப முடியவில்லை.
ஐந்தாம் கட்டத்தில் பூக்கார வேன்.
ஓட்டுநர் எங்கோ தேநீருக்குப் போயிருந்தான்,
நல்லவேளை, கதவு பூட்டியிருக்கவில்லை.
நான் கைபிரேக்கை இறக்கி ஜன்னல் வழியே ஸ்டீரிங்கைத் திருப்ப,
மரைக்காரும் சூ அம்மாவின் மகனும்
முன்னாலிருந்து தள்ளினார்கள்.
வேன் பின்னோக்கி நகர்ந்தது
அத்தனை மல்லிகையோடும்,
மெல்ல.

நேற்றுக் கூட்டம். மௌனம்.
இந்தமுறை பால் நினைவுக்கு வரவில்லை என்றால் பொய்.
வந்தது.

பிறகு பொருள் நான்கு: ஞாயிறு, ஐந்தும் ஆறும்.
சிற்றாலயம் அனுப்பிய புதுப் பையன்
பணிவாகச் சொன்னான்:
"எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, ஆன்ட்டி.
நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

எனக்குச் சுர்ரென்று வந்தது.
எப்படியப்பா விடுவாய்?
மூன்று பேர் கோலூன்றி வருகிறார்கள்,
ஒருவருக்கு இடுப்பில் ஆணி.
மழை பெய்தால் அந்தத் தரை வழுக்கும், தெரியுமா?
கோயில்காரர்களுக்கென்ன,
இருபது அடி நடந்தால்
மொட்டையில் முடி முளைத்துவிடுமா?

சொல்லுக்குச் சொல் அவருடையது.
நடுவில் ஒரு செருமல்கூட.

அறை அமைதியாக இருந்தது.
கனி மரைக்கார், கோபமே இல்லாமல்,
தமிழில் கேட்டார்:
"இப்ப நீங்க யார் பக்கம்மா?"

மினிட்ஸில் எழுதினேன்:
ஐந்து, ஆறு. ஒத்திவைக்கப்பட்டது.
அடுத்த கூட்டத்தில் மீண்டும் வாதிக்கப்படும்.
அதுவரை இரண்டும்
காலியாக இருக்கட்டும்.